என் கதையைப் போல இன்னொன்று

முப்பத்தொன்பது வயதில் ஒரு காதல் நாவலை எழுதி முடித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதிப் பழகிய தைரியத்தில், தமிழில் எழுதியதை நானே ஆங்கிலத்துக்கும் மாற்றினேன். தமிழ் என்றால் பதிப்பாளரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் பெரிய பதிப்பகங்கள் அப்படி வாங்குவதில்லை. நடுவில் ஏஜென்ட் ஒருவர் வேண்டும். அவருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுத வேண்டும். கதை நாலைந்து வரி, நம்மைப் பற்றி இரண்டு வரி, அதோடு 'என் நாவல் இன்ன இன்ன நாவல்களைப் போன்றது' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் என்னைக் குத்தம்பாக்கம் வரை இழுத்துக்கொண்டு போனது.

முதல் கடிதத்தில் உலகத்துக்கே தெரிந்த இரண்டு காதல் நாவல்களின் பெயரைப் போட்டிருந்தேன். டெல்லியில் இருக்கும் ஏஜென்ட் அம்மா ஒருவர் மறுத்துத்தான் எழுதினார், ஆனால் பொறுமையாக எழுதினார். தனக்கு வரும் கடிதங்களில் பாதிப் பேர் அதே இரண்டு பெயரைத்தான் போடுகிறார்களாம். ஒப்பிடச் சொல்வது பெருமை அடித்துக்கொள்வதற்கு இல்லை, உங்கள் புத்தகத்தை எடுத்துப் படிக்கப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரிவதற்கு என்றார். சமீபத்தில் வந்த, சின்ன புத்தகமானாலும் பரவாயில்லை, எந்த மொழியானாலும் சரி, உண்மையிலேயே உங்கள் நாவலின் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்தால் மறுபடி எழுதுங்கள் என்று முடித்திருந்தார்.

இரண்டு மாதம் கிடைத்த காதல் நாவல்களையெல்லாம் படித்தேன். ஒன்றில் ரயில் இருந்தது, ஆனால் அது மலைப்பிரதேச ரயில். ஒன்றில் ஆபீஸ் இருந்தது. அதில் கதாநாயகன் முதலாளியாக இருந்தான். என்னுடையதில் முதலாளிகள் யாரும் இல்லை. என்னுடையதில் ஒரு பெண் வேப்பம்பட்டில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். தினமும் காலையில் லேடீஸ் பெட்டியில் ஏறி அம்பத்தூர் போகிறாள். வழியெல்லாம் ஒருவனோடு போனில் பேசுகிறாள். இரண்டு வருடம் இப்படியே போகிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறான். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் தாமதமாக அவன் வருகிறான்.

அது நான்தான். கடைசி வரி மட்டும் பொய். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மூன்றாவது வருடத்தில், அந்தப் பிளாட்பாரத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் கம்பெனிக்கு உதிரி பாகம் அனுப்பும் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. மாதம் ஒருமுறை ஆபீசுக்கு வருவார், அப்போதுதான் நேரில் பார்ப்போம். அந்த ஞாயிறுக்குப் பிறகு வேறு ஆள் வர ஆரம்பித்தான். கேட்டதற்கு, வேலையை விட்டு ஓசூர் போய்விட்டார் என்று சொன்னான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டு மனிதர்களிடம் சொல்லவில்லை, ஆபீசில் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து நோட்டில் எழுதினேன், அவ்வளவுதான்.

நோட்டைக் கொடுத்து டைப் செய்தது பூந்தமல்லியில், டிரங்க் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். கணவனும் மனைவியுமாக நடத்தும் டிடிபி கடை. கணவர் பின்பக்கம் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். டைப் செய்வதெல்லாம் அந்தப் பெண்தான். பர்தாவின் கைகளை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுவார். கல்யாணப் பத்திரிகை, கந்தூரி நோட்டீஸ், கோயில் மலர், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும். அச்சுக்குப் போகிற எதையும் படிக்காமல் விடமாட்டார்.

திருத்தம் கொடுக்கப் போன ஒரு சனிக்கிழமை மத்தியானம், பேச்சுவாக்கில் டெல்லிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். என் கதையைப் போல இன்னொரு கதை வேண்டுமாம், எங்கே போய்த் தேடுவது என்றேன். அவர் விரல்கள் கீபோர்டில் நின்றன.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

கேளுங்கள் என்றேன்.

"இந்தக் கதைய நான் ஏற்கெனவே ஒரு தபா அடிச்சிருக்கேன்."

என் ஃபைலைத்தான் இரண்டாவது முறை திறந்திருக்கிறார், அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். வேறு ஒரு அம்மா எழுதியது, நாலு வருடம் இருக்கும், நூறு பிரதி மட்டும் போட்டுக்கொண்டு போனார் என்றார். நான் நோட்டைக் கொடுத்தபோதே கவனித்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு நான் தங்கையோ யாரோ, ஒரே வீட்டுக் கதையை இரண்டு பேரும் எழுதுகிறோம் என்று எண்ணி, கேட்டால் சங்கடமாகிவிடுமே என்று விட்டுவிட்டாராம்.

அச்சடிக்கும் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பச்சை அட்டை, நூற்றுப் பத்துப் பக்கம். நான் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயர்.

மறுநாள் ஞாயிறு. பருத்திப்பட்டில் நான் இருக்கும் ஃபிளாட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு சத்தம் இருக்காது, ஐ.டி. வேலைக்காரர்கள் எல்லாரும் வாரத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்குவார்கள். கட்டிலில் சாய்ந்துகொண்டு படிக்க ஆரம்பித்தேன். கதாநாயகிக்குப் பெயரே இல்லை, 'அவள்' மட்டும்தான். அவள் வேப்பம்பட்டில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் மஞ்சள் நிறச் சாப்பாட்டுப் பை. அதன் ஜிப் பிய்ந்துபோய் ஊக்குக் குத்தியிருந்தது.

என் பை அது. அந்த ஊக்கு அந்தப் பையில் ஒரு வருடம் இருந்தது.

அதற்குப் பிறகு சாய்ந்திருக்க முடியவில்லை, எழுந்து உட்கார்ந்து படித்தேன். கோபம் வந்தால் அவள் ஜன்னல் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டுவாள். நெமிலிச்சேரி தாண்டும்போது சிக்னல் விட்டுவிடும், 'கேக்குதா, கேக்குதா' என்று மூன்று முறை கேட்பாள், நான்காவது முறை கேட்க மாட்டாள். மல்லிகை வைத்தால் எனக்குத் தலை வலிக்கும் என்று நான் அவரிடம் சொன்னது அதில் இருந்தது. என் அம்மாவின் ஆபரேஷன் அன்று அழுதுகொண்டே பேசியது வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. நான் பேசிய பாதி முழுக்கச் சரியாக இருந்தது. அவர் பேசிய பாதிதான் வேறு. அதில் வருகிறவன் அழகாகப் பேசினான். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. சரி, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. அந்தப் புத்தகத்தில் இருந்த வார்த்தைகள்தான் அவர் குரலில் கேட்டன.

அவரே ஒரு பெண்ணின் பெயரில் எழுதியிருப்பாரோ என்று முதலில் பட்டது. போனில் பேசியதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஊக்கு எப்படித் தெரியும்? துருவைச் சுரண்டியது எப்படித் தெரியும்?

எழுபதாம் பக்கம் போல ஒரு அத்தியாயம். கடைசி மூன்று மாதம் அவர் சில நாள் போனை எடுக்க மாட்டார். பெட்டியில் தினமும் பார்க்கும் முகங்களுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாமலே பேசுவேன். சாப்பிட்டீங்களா என்பேன், கொஞ்சம் இடைவெளி விடுவேன், சிரிப்பேன். அதை நான் என் நாவலில்கூட எழுதவில்லை. எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் இப்படித் தொடங்கியது: 'இன்றும் மறுமுனையில் யாரும் இல்லை.'

எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். மணி இரண்டரைதான், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர் பிளாக்கில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆனாலும் மூடினேன்.

கடைசி அத்தியாயத்தைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் படித்தேன். திருநின்றவூர் பிளாட்பாரம், மாம்பழ நிறப் பட்டுப்புடவை, கல் பெஞ்ச். எல்லாம் அப்படியே. ஆனால் இந்தக் கதையில் அவன் வருகிறான். எதிர்ப் பிளாட்பாரத்தில், மேம்பாலப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், தன் அக்காவோடு நிற்கிறான். அக்கா இவளைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். இரண்டு வண்டி வந்து போகும்வரை நின்று இவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தண்டவாளத்தைத் தாண்டி வரவில்லை. மூன்றாவது வண்டி வந்து மறைத்துவிட்டு விலகியபோது அங்கே யாரும் இல்லை.

திங்கட்கிழமை ரயிலில் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கதவருகில் முதுகைக் கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றே போனேன். ஒருத்தி என் பையைப் பார்த்தாள் என்று ஆவடியில் ஏறிய பெட்டியை விட்டு அண்ணனூரில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினேன். சாயங்காலம் டிடிபிப் பெண்ணுக்கு போன் செய்து அந்த அம்மாவின் விலாசம் கேட்டேன்.

அவர் இப்போது குத்தம்பாக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். திருமழிசை எஸ்டேட் ஷெட்டுகள் தாண்டி, புதிய பஸ் முனையத்தின் நீளமான கூரை தெரிந்ததும் இறங்கிக்கொண்டேன். பன்னிரண்டு மணி வெயிலில் உள்ளே நடந்தேன். வழியில் ஒரு மனுஷர் இல்லை. ஒரு வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதன் வாசலில் பூட்டு தொங்கியது.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும். மெலிந்த உடம்பு, கழுத்தில் செயினில் தொங்கும் கண்ணாடி. எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. புத்தகத்தைப் படித்தேன், பார்க்க வந்தேன் என்றதும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டார். மோர் கொடுத்தார். முன்பு செவ்வாப்பேட்டையில் தன் அண்ணன் வீட்டில் இருந்ததாகவும், அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் சூப்பர்வைசராக இருபது வருடம் ரயிலில் போய்வந்ததாகவும் சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனக்கென்று எழுத ஒன்றும் இல்லாததால் கற்பனையாக ஒன்று எழுதினேன் என்றார். 'அந்தப் பொண்ணு' என்று அவளைப் பற்றிப் பேசினார். அந்தப் பொண்ணு ரொம்பப் பிடிவாதக்காரி, அந்தப் பொண்ணுக்குத் தைரியம் பத்தாது. தான் பெற்று வளர்த்த ஒருத்தியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. ஆபீஸ். ஒரு ஷிப்மென்ட் விஷயம். எழுந்து ஜன்னல் பக்கம் போய், இடது காதில் வைத்துப் பேசினேன். சிக்னல் சரியில்லை. கேக்குதா, கேக்குதா என்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பினால், அந்த அம்மா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். முழங்கால் முட்டுகிற தூரம். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நிறைய நாள் அந்தப் பக்கம் யாரும் இல்ல, இல்லையா?" என்றார்.

ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் என்றேன்.

"ஸ்கிரீன் இருட்டா இருக்கும். எதிர்ல இருந்த எனக்குத் தெரியும்."

பிறகு மெல்ல எல்லாம் சொன்னார். செவ்வாப்பேட்டையில் அவர் ஏறுவார், அடுத்த ஸ்டேஷனில் நான் ஏறுவேன். அவருக்கு எதிர் ஜன்னலில் ஒரு இடம் இருந்தது, நான் தினமும் அதில் உட்காருவேன். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலில் காதில் விழுந்தது, பிறகு காத்திருந்து கேட்டாராம். நான் லீவு போட்ட நாளில் அவருக்கு வேலை ஓடாதாம். ஆபீஸ் போனதும் தையல் அளவு நோட்டின் பின்பக்கத்தில் நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொள்வாராம். அந்தப் பக்கம் என்ன சொல்லியிருப்பார் என்று அவராக யோசித்து எழுதிக்கொள்வாராம். தப்புதான், உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்றார். ஆனால் வருடங்கள் போகப் போக அப்படி ஒருத்தி நிஜமாக இருந்தாள் என்பதே மறந்துபோய்விட்டது, நான்தான் உண்டாக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது நீங்கள் போனைக் காதில் வைத்ததும்தான் தெரிந்தது என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. கடைசி அத்தியாயமும் நீங்கள் யோசித்து எழுதியதுதானா என்று கேட்டேன்.

அந்த ஞாயிறு தானும் திருநின்றவூரில் இருந்தது நிஜம் என்றார். நான் போனில் நாள் குறித்ததைக் கேட்டிருந்ததால், வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு நாலு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தாராம்.

"எதிர்ல ஒருத்தர் நின்னு உங்களையே பார்த்தார். கூட ஒரு பொம்பள. அது அவர்தானா, இல்ல யாரோ ஒருத்தரை நான் அவராக்கி எழுதிட்டேனா? இப்போ எனக்கே சொல்லத் தெரியல."

பார்க்க எப்படி இருந்தார் என்றேன். உயரம், சட்டை நிறம் எதுவும் நினைவில்லை என்றார். பிறகு தன் வலது கையைத் தூக்கி, விரல்களைச் சுற்றிக் காட்டினார்.

"கைக்குட்டையை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தார். சுத்தறது, பிரிக்கறது, மறுபடி சுத்தறது."

அவருக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். ஆபீசில் என் மேசைக்கு எதிரே நின்று பில்லில் கையெழுத்து வாங்கும்போது அப்படித்தான் சுற்றுவார். அதை நான் போனில் ஒருபோதும் பேசியதில்லை. அவர் மனசு கஷ்டப்படும். அந்தப் பச்சைப் புத்தகத்தில் அது இல்லை. என் நாவலிலும் இல்லை.

அப்படியென்றால் வந்திருக்கிறார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாக வராத ஒருவருக்காக நான் உருவாக்கி வைத்திருந்த சமாதானம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் உதவாமல் போயிற்று. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் இன்னமும் அந்தப் பூட்டிய வீட்டின் டிவி கேட்டுக்கொண்டிருந்தது.

கிளம்பும்போதுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், அதை உங்களுடையதோடு ஒப்பிட்டு டெல்லிக்கு எழுதலாமா என்று கேட்டேன்.

"உங்க புத்தகத்துல அவர் வர்றாரா?"

"வர்றார்."

"அப்போ ரெண்டும் வேற வேற கதைம்மா" என்றார். ஆனால் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எழுதினேன். ஒரே வரி: இந்த நாவலுக்கு மிக நெருங்கிய புத்தகம் இது, ஒரே பாதையில் போய் முடிவில் மட்டும் பிரிகிறது. ஏஜென்ட் அம்மாவிடமிருந்து ஒரு வாரத்தில் பதில். அப்படி ஒரு புத்தகத்தை எங்கே தேடியும் கிடைக்கவில்லை, அது உண்மையில் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் ஆங்கிலத்தில் தர முடியுமா என்றார். உட்கார்ந்து மாற்றி, என் நாவலோடு சேர்த்து அனுப்பினேன். இரண்டு மாதம் சத்தமில்லை. பிறகு வந்த மெயிலில், என் நாவல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் கடைசியில் அவன் வருவதைத் தன்னால் நம்ப முடியவில்லை என்றிருந்தார். அந்த இன்னொரு நாவலின் ஆசிரியருக்கு ஏஜென்ட் இருக்கிறாரா, இல்லையென்றால் தான் எடுத்துக்கொள்ளலாமா, நீங்களே முழுவதையும் மொழிபெயர்ப்பீர்களா என்று கேட்டிருந்தார்.

மூன்று நாள் அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லை. பொறாமை என்று சொல்வதா, வேறு ஏதாவது பெயர் சொல்வதா தெரியவில்லை. என் வாழ்க்கைதான், ஆனால் அதை என்னைவிட நன்றாகப் பார்த்தது வேறு ஒருத்தி. நாலாவது நாள் குத்தம்பாக்கத்துக்கு போன் செய்து சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், நீங்களே செய்யுங்கள், உங்களுக்குத்தான் தெரியும் என்றார்.

இப்போது காலையில் ஆபீஸ் போகும் முன் ஒரு மணி நேரம் அதைத்தான் செய்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. என் நாவலைத் தமிழில் ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்துக்கொண்டிருக்கிறது, முடிவை மாற்றவில்லை. மொழிபெயர்க்கும்போது சில இடங்களில் அந்தப் பெண் பேசுவதை நான் முதலில் வாயால் சொல்லிப் பார்க்கிறேன், அப்போதுதான் ஆங்கிலம் சரியாக வருகிறது. நேற்று அப்படி ஒரு வரியைச் சொல்லிவிட்டு, அவன் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பக்கத்தைத் திருப்பினால்தானே பதில் என்று உறைத்த பிறகுதான் கை அசைந்தது.